விடியும்வரை இருந்தவர் தீர்ப்பு: ஆரணி வட்டாரக் கூத்து ரசிகர்களின் மதிப்பீடும் நாடகத் தேர்வும்

ஆய்வுச்சுருக்கம்

வடதமிழகத் தெருக்கூத்து குறித்த ஆய்வுகள் சடங்கு, பனுவல், கலைஞர் வாழ்வு ஆகியவற்றை விரிவாகப் பேசியுள்ளன. ஒரு ஜமாவின் நடிகர்களையும் அது ஆடும் நாடகங்களையும் காண்போர் எவ்வாறு மதிப்பிடுகின்றனர் என்னும் வினா அவற்றில் சிறிய இடத்தையே பெற்றுள்ளது. ஆரணி வட்டாரத்தில் நெசவாளரும் உழவரும் கூத்துக்கு மறுநாள் நிகழ்த்தும் உரையாடல்களை முன்வைத்து, அப்பேச்சு தனக்கென அளவைகளைக் கொண்ட வாய்மொழித் திறனாய்வு என இக்கட்டுரை வாதிடுகிறது. அத்திறனாய்வு ஜமாக்களின் வாழ்வாதாரத்தைத் தீர்மானிப்பதையும், அதனுள் சாதி, பாலினச் சார்புகள் கலையளவைகளின் தோற்றத்தில் நுழைவதையும், முழு இரவுக் கூத்து குறையுமிடத்து அவ்வளவைகள் செயலிழப்பதையும் இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: தெருக்கூத்து, கட்டைக்கூத்து, ஜமா, ரசிகர், வாய்மொழித் திறனாய்வு, ஆரணி, கர்ண மோட்சம், மெய்ப்பாடு.

முன்னுரை

ஆரணி பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த இந்நகரையும், அதனைச் சூழ்ந்துள்ள செய்யாறு, போளூர், சேத்துப்பட்டு, வந்தவாசிப் பகுதிகளின் சிற்றூர்களையும் தறியோடு கூத்தும் இணைக்கிறது. பங்குனி தொடங்கி ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் அக்கினி வசந்த விழா நடைபெறும் காலத்தில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் தொடர்ந்து நிகழ்கின்றன. படுகளமும் தீமிதியும் விழாவை நிறைவுசெய்கின்றன.

கூத்து விடியலில் முடிகிறது. அதைப் பற்றிய பேச்சு விடிந்த பின்னரே தொடங்குகிறது. துரியோதனன் வேடம் கட்டியவரின் குரல் எந்த நேரத்தில் இறங்கியது, திரௌபதிக்கு அந்த ஆளை ஏன் போட்டார்கள், சென்ற ஆண்டு வந்த ஜமாவை ஏன் இந்த ஆண்டு அழைக்கவில்லை, ஊரார் மறுபடியும் ஏன் கர்ண மோட்சமே கேட்டார்கள் என்னும் வினாக்கள் தேநீர்க் கடையிலும் தறிக்கூடத்திலும் சில நாள்களேனும் நிலைத்திருக்கின்றன. முனைவர் பட்ட ஆய்வுக்காகக் கூத்துக் களங்களில் அமர்ந்தபோது, களத்தில் பதிவு செய்தவற்றைவிட மறுநாள் கேட்டவையே கூத்தைப் புரிந்துகொள்ள எனக்குப் பெரிதும் உதவின. அப்பேச்சைத் திறனாய்வாகக் கொள்ளலாமா, கொண்டால் அதன் அளவைகள் எவை, அவற்றை அப்படியே ஏற்கலாமா என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை எதிர்கொள்கிறது. உரையாடியவர்களின் பெயரும் ஊரும் இங்குத் தவிர்க்கப்பட்டுள்ளன.

அச்சேறிய விமர்சனமும் அச்சேறாத விமர்சனமும்

தமிழில் நிகழ்கலை விமர்சனம் அச்சில் வேரூன்றிய வரலாறு சபாக்களோடு பிணைந்தது. 1928இல் சென்னை மியூசிக் அகாதெமி தொடங்கப்பட்டது. 1930களில் கல்கி ‘கர்நாடகம்’ என்னும் புனைபெயரில் ஆனந்த விகடனில் இசை, நடன, நாடக நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதினார். யார் பாடினார், என்ன பாடினார், ஏன் அதைத் தேர்ந்தார் என்று பெயர் சொல்லிப் பாராட்டவும் குறைகூறவும் அச்சு வாசகர் பழகினர். அதே காலத்தில் வடஆர்க்காட்டுச் சிற்றூர்களிலும் இரவுதோறும் பெயர் சொல்லிப் பாராட்டும் குறைகூறலும் நடந்துகொண்டிருந்தன. அவற்றைக் குறித்துவைக்கும் ஏடுதான் இல்லை.

பின்னர் கூத்து ஆய்வுக்குரிய பொருளானபோது வேறொரு நிலை உருவாயிற்று. ஆல்ஃப் ஹில்டெபெய்ட்டலின் திரௌபதி வழிபாடு குறித்த இரு தொகுதிகள் 1988, 1991 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. செஞ்சிப் பகுதியை மையமாகக் கொண்டு தொன்மத்தையும் சடங்கையும் விளக்கும் அப்பெரும்பணியில் காண்போர் முதன்மையாகப் பக்தர்களாகத் தோன்றுகின்றனர். ரிச்சர்ட் ஃப்ராஸ்காவின் 1990ஆம் ஆண்டு நூல் கூத்தை மகாபாரத அரங்காகக் காண்கிறது. ஆவேச நிலைகளை நுணுகி ஆராய்கிறது. ஹன்னா டி ப்ரூயினின் 1999ஆம் ஆண்டு நூல் கலைஞர்களை மையத்துக்குக் கொண்டுவந்தது. மரபின் நெகிழ்ச்சித் தன்மையை வலியுறுத்திய அவரும் கலைஞர் பெ. இராஜகோபாலும் ‘தெருக்கூத்து’ என்னும் பெயருக்கு மாற்றாக, மரத்தாலான அணிகலன்களைச் சுட்டும் ‘கட்டைக்கூத்து’ என்னும் பெயரை முன்வைத்தனர். 1990இல் காஞ்சிபுரத்தில் தோன்றிய கட்டைக்கூத்துச் சங்கம் அப்பெயரையே ஏற்றது.

தமிழில் ந. முத்துசாமியின் பங்கு தனியே குறிப்பிடத்தக்கது. புரிசை கண்ணப்ப தம்பிரானின் ஆட்டத்தைக் கண்டு, அதனை நவீன நாடகம் கற்கவேண்டிய செவ்விய அரங்காக அவர் எழுதினார். 1977இல் உருவான கூத்துப்பட்டறையின் நடிகர்கள் புரிசை மரபிலிருந்து பயின்றனர். முத்துசாமி எழுதியது அடிப்படையில் ஒரு ரசிகரின் விமர்சனம். எனினும் அவர் நகரத்திலிருந்து வந்த ரசிகர். அவருடைய வினா நவீன நாடகத்துக்கு எது தேவை என்பது. ஊர் ரசிகரின் வினா வேறு. நேற்றிரவு ஆடிய இந்தக் கர்ணன், முன்பு இதே களரியில் ஆடிய கர்ணனைவிட எவ்வகையில் மேல் அல்லது கீழ் என்பதே அவர் கேட்பது.

மேற்கண்ட ஆய்வுகளின் பெருமை ஐயத்திற்கு அப்பாற்பட்டது. ஆயினும் காண்போரைப் பக்தர் என்றோ புரவலர் என்றோ மட்டும் வகைப்படுத்துவது ஒரு குறைபாட்டுக்கு வழிசெய்கிறது. தெரிந்து பார்ப்பவர், ஒப்பிட்டுப் பார்ப்பவர், ஏமாற்றமடைபவர் என்னும் முகங்கள் அதில் மறைகின்றன. சபா ரசிகருக்கு நாம் எளிதில் வழங்கும் ‘விமர்சகர்’ என்னும் தகுதி கூத்து ரசிகருக்கு மறுக்கப்படுகிறது.

கண்விழிப்பின் விலை

கூத்துக்கு நுழைவுச்சீட்டு இல்லை. இதனைக் கொண்டு, இலவசமாகக் காண்பவர் கடுமையாக மதிப்பிடமாட்டார் என்று கருதுவது பிழை. ஆரணித் தறிக்காரருக்குக் கூலி நெய்து முடித்த சேலைக்கே கிடைக்கிறது. இரவு முழுதும் விழித்திருந்தவர் மறுநாள் தறியில் அமர்ந்தால் இழை அறுவதும் கவனம் பிசகுவதும் இயல்பு. ஜரிகைக் கரையில் நேர்ந்த பிழை சேலை முழுவதையும் பாதிக்கும். ஆகவே அவர் அன்று தறியை நிறுத்துகிறார் அல்லது குறைவாக நெய்கிறார். ஓர் இரவுக் கூத்துக்கு அவர் கொடுக்கும் விலை ஒரு பகலின் கூலி. உழவருக்கும் கூலித் தொழிலாளருக்கும் இதுவே பொருந்தும்.

இந்த விலையே மதிப்பீட்டின் முதல் அளவையை உருவாக்குகிறது. ஒரு ஜமா தன்னை விடியும்வரை உட்கார வைத்ததா என்பது அவ்வளவை. இரவு 10 மணியளவில் மேளக்கட்டுடன் தொடங்கும் கூத்தில் நள்ளிரவுக்குப் பின் களம் தளரும் ஒரு பொழுது உண்டு. குழந்தைகள் உறங்கிவிடுவர். கட்டியக்காரனின் நகைச்சுவை பழகிப்போயிருக்கும். அப்பொழுதைத் தாங்கிப் பிடிப்பவர் யார் என்பதில் ஜமாவின் தரம் வெளிப்படுகிறது. திரைப் பிரவேசத்தின்போது ஒளிரும் நடிகரைவிட, பின்னிரவில் குரல் குன்றாத நடிகர் உயர்வாகப் பேசப்படுகிறார்.

ரசிகரின் அறிவுக்கு இரு ஊற்றுகள் உள்ளன. ஒன்று பகல் நேரப் பாரதப் பிரசங்கம். வில்லிபாரதத்தையோ நல்லாப்பிள்ளை பாரதத்தையோ முன்வைத்துப் பிரசங்கியார் விளக்கிய கதையை அன்றிரவே கூத்தாகக் காண்பவர், இரண்டுக்கும் இடையிலான வேறுபாடுகளை உடனுக்குடன் உணர்கிறார். மற்றொன்று மலிவுப் பதிப்பு நாடக நூல்கள். சென்னை இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்ற பதிப்பகத்தார் அச்சிட்ட கூத்து நூல்கள் சிற்றூர்களில் புழங்கின. அவற்றை வாசித்தவர்களும், வாசிக்கக் கேட்டவர்களும் களத்தில் உண்டு. பாட்டில் ஓர் அடி விடுபட்டால் அதை அறிபவர் முன்வரிசையில் இருக்கலாம் என்பது நடிகருக்கும் தெரியும்.

இப்பேச்சு வெறும் பேச்சாக முடிவதில்லை. ஒரு ஜமாவுக்கு அடுத்த அழைப்பு பெரும்பாலும் அதைக் கண்டவர் வாய்ச்சொல்லால் வருகிறது. பக்கத்து ஊரில் பெண் கொடுத்தவர், பாவு வாங்கச் சென்றவர், திருவிழாவுக்கு உறவினர் வீட்டுக்குப் போனவர் ஆகியோர் கொண்டுவரும் செய்தியே விழாக் குழுவினர் வெற்றிலைபாக்கு வைத்து முன்பணம் கொடுக்கக் காரணமாகிறது. இதே நிலப்பகுதியோடு தொடர்புடைய பழம்பனுவல் ஒன்று இங்கு நினைவுக்கு வருகிறது. செங்கத்தோடு தொடர்புபடுத்தப்படும் செங்கண்மாவின் தலைவன் நன்னனைப் பாடும் மலைபடுகடாம், கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும். அங்குக் கூத்தர் கூத்தரைப் புரவலரிடம் ஆற்றுப்படுத்துகின்றனர். இங்கோ காண்போர் புரவலரைக் கூத்தரிடம் ஆற்றுப்படுத்துகின்றனர். திசை மாறிய இந்த ஆற்றுப்படையே கூத்து ரசிகரின் விமர்சனம். பிழையான தீர்ப்பு ஒரு ஜமாவின் ஒரு பருவ வருவாயைக் குலைக்கும் என்பதால் இதன் பொறுப்பு அச்சு விமர்சனத்தினும் சிறிதன்று.

வேடத்திற்கு ஏற்ற ஆள்: மதிப்பீட்டின் அளவைகள்

கேட்ட உரையாடல்களை ஒருங்கே நோக்கும்போது நான்கு அளவைகள் திரும்பத்திரும்ப வருகின்றன.

முதலாவது குரல். ஹார்மோனியமும் முகவீணையும் மிருதங்கமும் டோலக்கும் சூழ, ஒலிபெருக்கி இல்லாக் காலத்தில் களத்தின் கடைசிவரை எட்டிய குரலே நடிகரின் தகுதியாக இருந்தது. ஒலிபெருக்கி வந்தபின் உரத்த குரலின் தேவை குறைந்தது. ஆயினும் விருத்தத்தில் சொல் சிதையாமை இன்றும் வற்புறுத்தப்படுகிறது. பாட்டு இனிமையாக இருந்தும் சொல் விளங்கவில்லை என்றால் பாராட்டு பாதியாகிவிடுகிறது.

இரண்டாவது அடவு. கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் அணிந்த கட்டைவேட நடிகர் அந்தப் பாரத்தோடு சுழலும் கிரிக்கி, இளைஞர்களின் பேச்சில் முதலிடம் பெறுகிறது. எத்தனை சுற்று என எண்ணுபவரும் உண்டு. இவ்வெண்ணிக்கை மோகம் கூத்துக்கு மட்டும் உரியதன்று. 1895இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பெட்டிபாவும் இவானோவும் அமைத்த ‘அன்னப்பறவை ஏரி’ பாலேயில் பியரினா லெக்னானி ஒற்றைக்காலில் தொடர்ந்து 32 முறை சுழன்றார். அன்றுமுதல் அப்பாத்திரம் ஏற்கும் ஒவ்வொருவரையும் பாலே ரசிகர்கள் அந்த 32ஐக் கொண்டு அளக்கின்றனர். சுழற்சி குறைந்தும் பாத்திரம் நிறைந்தால் போதாதா என்னும் விவாதம் அவர்களிடையே இன்றும் ஓயவில்லை. ஆரணிப் பகுதி முதியவர்களும் இதே ஐயத்தையே எழுப்புகின்றனர். துரியோதனன் சுழல்வது செருக்கால். கர்ணன் சுழல்வது போர்க்களத்தை நோக்கி. இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் அது ஆட்டமே தவிர வேடமாகாது என்பது அவர்கள் கருத்தின் சாரம்.

மூன்றாவது கோர்வை. இச்சொல்லைக் கட்டுரையாளர் என்ற முறையில் நான் பயன்படுத்துகிறேன். பட்டு நெசவில் வேறு நிறக் கரையை உடலோடு பிணைத்து நெய்வது கோர்வை. மிருதங்கத்தில் தீர்மானத்தை நோக்கிச் செல்லும் சொற்கட்டும் கோர்வை. கூத்தில் பாட்டு, வசனம், அடவு ஆகிய மூன்றும் வெவ்வேறு நிறத்தவை. பாட்டு முடிந்து வசனம் தொடங்குமிடத்தில் நடிகர் பாத்திரத்தை விட்டு இறங்குகிறாரா, கட்டியக்காரன் அன்றாட ஊர்ச் செய்தியை இழுத்துப் பேசும்போது அரசன் வேடத்தவர் தடுமாறுகிறாரா, பின்பாட்டுக்காரர் அடியை ஏந்திக்கொள்ளும் இடைவெளி நீள்கிறதா என்பன இவ்வளவையின் கீழ் வருகின்றன. இணைப்பு தெரியாமல் இணைவதையே நெசவாளரும் கூத்து ரசிகரும் ஒருசேர மதிக்கின்றனர்.

நான்காவது, ஆவேசத்தைக் குறித்தது. இதுவே ஆய்வுலகின் கவனத்துக்கு மிகவும் உரியது. பகடைத் துகில் நாடகத்தில் துச்சாதனன் திரௌபதியின் துகிலைப் பற்றுமிடத்தில் நடிகரும் காண்போரும் ஆவேச நிலை எய்துவதை ஃப்ராஸ்கா விரிவாகப் பதிவுசெய்துள்ளார். சடங்குநோக்கில் ஆவேசம் கூத்தின் உச்சம். ரசிகர் பேச்சிலோ அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. காட்சி அதற்குரிய பாட்டையும் வாதத்தையும் கடந்து வந்தபின் நிகழும் ஆவேசம் போற்றப்படுகிறது. திரௌபதி சபையோரை நோக்கிக் கேட்கும் வினாக்களுக்கு இடம்தராமல் முந்திக்கொண்டு வரும் ஆவேசம், பாட்டு வராதவர் கண்டுகொண்ட வழி என எள்ளப்படுவதும் உண்டு. அம்மன் முன் கற்பூரம் காட்டி வணங்கும் அதே மனிதர் மறுநாள் இவ்வாறு பேசுகிறார். பக்தியும் விமர்சனமும் அவரிடம் முரணாக இல்லை.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உரையில் இளம்பூரணர் எடுத்தாளும் செயிற்றியனார் கருத்து இதனை விளக்க உதவும். நடத்துவோன் செய்தது காண்போரைச் சென்றடைதலே மெய்ப்பாடு என்பது அக்கருத்து. நடிகர் உள்ளே என்ன உணர்ந்தார் என்பது அங்கு அளவையன்று. உணர்ந்தது வந்து சேர்ந்ததா என்பதே அளவை. வந்து சேராத ஆவேசம் நடிகரின் சொந்த அனுபவமாக நின்றுவிடும். கூத்து ரசிகர் செயிற்றியனாரைப் படித்தவரல்லர். ஆயினும் இருவரும் காண்போரின் பக்கத்திலிருந்தே பேசுகின்றனர்.

எந்த நாடகம்? தேர்வின் மூன்று களங்கள்

நடிகர் தேர்வுபோல நாடகத் தேர்வும் விவாதத்துக்குரியது. ஆனால் தேர்வின் சுதந்திரம் களத்துக்குக் களம் மாறுபடுகிறது.

அக்கினி வசந்த விழாவில் நாடக வரிசை பாரதக் கதையோட்டத்தைப் பின்பற்றுகிறது. வில்வளைப்பு, சுபத்திரை திருமணம், இராசசூய யாகம், பகடைத் துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என அது செல்லும். சில ஊர்களில் சில நாடகங்கள் விடுபடும். இங்கு என்ன நாடகம் என்னும் வினாவுக்கு இடம் குறைவு. யாருக்கு எந்த வேடம் என்பதே பேச்சு. அர்ச்சுனன் தபசில் உயர்ந்த மரத்தின்மேல் ஏறிப் பாடுபவர் குரலும் துணிவும் ஒருங்கே உடையவராக இருக்கவேண்டும். ஆகவே அவ்வேடத்துக்கு வேறு ஜமாவிலிருந்து ஆள் அழைக்கப்பட்டால் அது சொந்த ஜமாவின் குறையா, நல்ல முடிவா என்று விவாதிக்கப்படுகிறது.

இரண்டாவது களம் இறப்புச் சடங்கு. கருமாதியை ஒட்டிக் கர்ண மோட்சம் ஆடப்படும் வழக்கம் இவ்வட்டாரத்தில் உண்டு. கொடையாளியான கர்ணன் உயிர்நீத்து மேலுலகடைவது இறந்தவரை வழியனுப்பும் செயலாகிறது. இங்கு வேறு நாடகத்துக்கு இடமில்லை. நடிகர் குறித்த பேச்சும் அடங்கியே ஒலிக்கிறது. வீட்டார் அழுதார்களா என்பதே பெரும்பாலும் தீர்ப்பு.

மூன்றாவது, மாரியம்மன் முதலிய கோயில் விழாக்களில் ஓரிரு இரவு நடக்கும் கூத்து. விரும்பிய நாடகத்தைக் கேட்க ஊருக்கு உரிமையுள்ள களம் இதுவே. அரிச்சந்திரன், நல்லதங்காள், இரணியன், வாலி மோட்சம் போன்ற பாரதம் சாராத நாடகங்களும் இங்கு இடம்பெறக் கூடும். இவ்வாறு உரிமையிருந்தும் பலவிடத்து மீண்டும் பகடைத் துகிலும் கர்ண மோட்சமுமே கேட்கப்படுகின்றன. இதனைச் சோம்பல் என்று ஒதுக்குதல் எளிது. திரும்பக் காண்பதால்தான் ஒப்பீடு பிறக்கிறது. ஒப்பீடின்றி நுண்ணிய மதிப்பீடு இல்லை. பத்துக் கர்ணர்களைக் கண்டவரே பதினொன்றாவது கர்ணன் புதிதாகச் செய்ததை இனங்காண்கிறார். எனினும் இதற்கு மறுபக்கம் உண்டு. கேட்கப்படாத நாடகம் ஆடப்படுவதில்லை. ஆடப்படாத நாடகத்தின் பாட்டு இளைய நடிகருக்குப் பாடமாவதில்லை. பழைய ரசிகர் சிலர் தாம் இளமையில் கண்டு, பின் காணாத நாடகங்களின் பெயரைச் சொல்லும்போது, அதை இப்போது ஆடத் தெரிந்தவர் யார் என்ற கேள்வியும் உடன் வருகிறது.

பொன்னுருவியை எங்ஙனம் மதிப்பிடுவது?

ரசிகர் பேச்சைத் திறனாய்வாக ஏற்பது அதனைக் கேள்விக்கு அப்பாற்படுத்துவதன்று. கர்ண மோட்சத்தின் பொன்னுருவியை எடுத்துக்கொள்வோம். 1964ஆம் ஆண்டின் ‘கர்ணன்’ திரைப்படத்தில் கர்ணனின் மனைவி சுபாங்கி. அவள் அன்பு மனைவி. கூத்தின் பொன்னுருவியோ தேரோட்டி மகன் எனக் கணவனின் பிறப்பை இகழ்ந்திருப்பவள். போருக்குப் புறப்படும் கர்ணன் அவளிடம் விடைபெற வரும் காட்சியே நாடகத்தின் இதயம்.

இக்காட்சி பற்றி ஆண்கள் பேசுவதும் பெண்கள் பேசுவதும் வேறுபடுகின்றன. கூத்துக் களத்தில் பெண்கள் தனியே ஒரு பக்கம் அமர்வர். தேநீர்க் கடை அவர்களுக்குரிய இடமன்று. அவர்களுடைய மதிப்பீட்டைத் தார் சுற்றும் இடத்திலும், தறியருகே அறுந்த இழையைப் பிணைக்கும் பொழுதிலும்தான் கேட்க முடிந்தது. ஆண்கள் கர்ணனின் பிரிவுத் துயரையே பேசினர். பொன்னுருவி அவர்களுக்கு அத்துயரைக் கூர்மையாக்கும் கருவி. பெண்களுள் சிலர் பொன்னுருவி வேடம் கட்டியவரின் பார்வை எப்போது மாறியது என்பதில் கருத்தாக இருந்தனர். இகழ்ச்சியிலிருந்து அழுகைக்கு அவர் உடனே தாவிவிட்டால் அது பொய்யாகத் தோன்றுகிறது. பெருமிதம் சிறிது சிறிதாக உடைவதைக் காட்டினால்தான் காட்சி நிற்கிறது என்பது அவர்கள் கருத்து. நடிப்புக் கலையின் மிக நுட்பமான இந்த அவதானிப்பு ஜமாவை அழைக்கும் குழுவின் காதுக்கு எட்டுவதே அரிது. ஏனெனில் அக்குழுக்களில் பெண்கள் இல்லை.

பெண் வேடம் பற்றிய அளவையிலும் இடர் உண்டு. ஆண்களே பெண் வேடம் கட்டிவந்த மரபில், நடை, கைவீச்சு, குரல் ஆகியவற்றின் இலக்கணம் ஆணின் உடலைக்கொண்டு வகுக்கப்பட்டது. 2002 முதல் 2020 வரை காஞ்சிபுரம் அருகே செயற்பட்ட கட்டைக்கூத்துக் குருகுலத்தில் சிறுமியரும் பயின்றனர், கட்டைவேடங்களும் ஏற்றனர். மேடைக்கு வரும் பெண் நடிகரைப் பார்த்து, பெண் வேடத்துக்கு ‘எடுப்பு’ போதவில்லை என்று சொல்பவர் தாம் எந்த உடலை அளவுகோலாகக் கொண்டுள்ளோம் என்று வினவிக்கொள்வதில்லை. அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய அளவுகோல் அவ்வாறு தேய்ந்து உருவானது. ஆயினும் அளவுகோலையும் அளக்கவேண்டியது திறனாய்வின் கடமை.

சாதி இதனினும் மறைவாகச் செயற்படுகிறது. கூத்து ஜமாக்கள் பல சமூகத்தாரிடையே உள்ளன; தலித் கலைஞர்களின் ஜமாக்களும் உண்டு. விழாவை நடத்தும் குழு எச்சமூகத்தின் கையில் உள்ளது என்பது யாரை அழைப்பது என்னும் முடிவைப் பாதிக்கிறது. வெளிப்படையான சாதிச் சொல் உரையாடலில் வருவதில்லை. அதற்கு ஈடாக அந்த ஜமாவின் பாணி நம் ஊருக்குப் பொருந்தாது என்பது போன்ற கலைச்சொல் வருகிறது. எந்தப் பாட்டு, எந்த அடவு பொருந்தவில்லை என்று கேட்டால் விடை கிடைக்குமிடத்தில் அது திறனாய்வு. விடை கிடைக்காதவிடத்து அதனை வேறு பெயரால் அழைக்கவேண்டும். பிறப்பைச் சொல்லிக் கர்ணனை இழிப்பது கண்டு கண்கலங்கும் களத்தில் இது நிகழ்கிறது என்பதை எடுத்துரைக்காமல் கர்ண மோட்சத்தைப் பற்றி எழுதுவது முழுமையாகாது.

சுருங்கும் இரவு

நகர மேடைகளிலும் கலைவிழாக்களிலும் கூத்து ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரத்துக்கு அமைகிறது. அங்கு நாடகத்தைத் தேர்பவர் அமைப்பாளர். கதையின் உச்சக்காட்சி மட்டும் வெட்டி எடுக்கப்படுகிறது. மேளக்கட்டு குறுகி, கட்டியக்காரனின் ஊர்ப்பேச்சு விடுபடுகிறது. உலக அரங்கிலும் இதே தேர்வின் சாயலைக் காணலாம். பாரிஸின் தியேத்ர் து சொலெய் குழு 2016இல் அரியான் நூஷ்கினின் இயக்கத்தில் அரங்கேற்றிய ‘இந்தியாவில் ஓர் அறை’ நாடகத்துக்காகப் புரிசை கண்ணப்ப சம்பந்தனிடம் கூத்துப் பயின்றது. அதில் இடம்பெற்ற கூத்துப் பகுதிகளும் திரௌபதியின் துகிலையும் கர்ணனின் முடிவையும் சார்ந்தவை. அம்முயற்சி கூத்துக்குத் தேடித்தந்த மதிப்பு பெரிது. அதே வேளை, ஊர், நகரம், உலகம் ஆகிய மூன்றும் ஒரே இரு நாடகங்களில் வந்து சந்திப்பது சிந்தனைக்குரியது.

குறுகிய கூத்தை மரபுச் சிதைவு என்று மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. கலைஞருக்கு அது வருவாய். மறுநாள் தறிக்கோ வயலுக்கோ செல்லவேண்டிய பார்வையாளருக்கும் அது உதவி. இங்குச் சுட்ட விரும்புவது வேறு. மேலே கண்ட நான்கு அளவைகளுள் மூன்று முழு இரவைச் சார்ந்தவை. பின்னிரவில் குன்றாத குரலை ஒரு மணி நேரக் கூத்தில் சோதிக்க இயலாது. பாட்டும் வாதமும் முதிர்ந்தபின் வரும் ஆவேசத்தை உச்சக்காட்சி மட்டும் காட்டும் மேடையில் அறிய இயலாது. ஊர்ப்பேச்சுக்கும் கதைக்கும் இடையிலான கோர்வையும் அங்கு இல்லை. எஞ்சுவது அடவு, அதிலும் எண்ணத்தக்க சுழற்சி. கைப்பேசியில் பகிரப்படும் சிறு காணொளிகள் இந்தச் சாய்வை வலுப்படுத்துகின்றன. சுழற்சியை வைத்து ஒரு நடிகர் புகழ்பெற, வசனத்தில் வல்லவர் பின்தள்ளப்படும் நிலை உருவாகலாம். நடிகர் தம்மை அளக்கும் அளவைக்கேற்பவே தம்மை வளர்த்துக்கொள்வர்.

முடிவுரை

கூத்துக்கு மறுநாள் நிகழும் பேச்சு, ஒப்பீட்டையும் அளவைகளையும் பயனையும் உடைய திறனாய்வு. அதன் தீர்ப்பு ஜமாவின் அடுத்த பருவத்தை முடிவுசெய்கிறது. அதே பேச்சு பெண்களின் நுண்ணறிவைக் குழுவுக்கு வெளியே நிறுத்துகிறது. சாதி விலக்கைப் பாணி வேறுபாடாகச் சொல்லவும் இடம்தருகிறது. இரு பக்கங்களையும் ஒருங்கே காண்பதே அதற்கு நாம் செய்யும் மரியாதை.

இதிலிருந்து ஆய்வாளருக்கு இரு பணிகள் தெளிவாகின்றன. கூத்தைப் பதிவு செய்வோர் நிகழ்த்துதலோடு நிறுத்தாமல், மறுநாள் உரையாடலையும், குறிப்பாகப் பெண்களின் உரையாடலையும், பதிவு செய்தல் வேண்டும். அடுத்து, முழு இரவுக் கூத்துகளுக்கு வேடமேற்றவர் பெயர்களோடும் காரணங்களோடும் தமிழில் மதிப்புரை எழுதுதல் வேண்டும். சங்கீதக் கச்சேரிக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகக் கிடைத்துவரும் இச்சிறு கவனம் கூத்துக்குக் கிடைக்கவில்லை. இன்ன ஊரில், இன்ன இரவில், இன்னார் கட்டிய பொன்னுருவி எவ்விடத்தில் உடைந்தாள் என்று எழுதப்பட்ட ஒரு பத்தி, அந்நடிகருக்கும் அடுத்து அவ்வேடம் கட்டவிருப்பவருக்கும் பயன்படும். அப்பத்தியை எழுதுவதற்குத் தேவையான சொற்கள் ஆரணியின் தறிக்கூடங்களில் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளன.